இரண்டாவது பிரேக்

எங்கள் வீட்டுக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் கீழே கிடக்கும் ரப்பர் கால்மிதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. என் வீட்டுக்காரரின் வலது கால் போட்ட ஓட்டை அது. அந்த இடத்தில் பிரேக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே ஒரு சைக்கிள் வந்தால் போதும், டொம்மென்று ஒரு மிதி விழும். இப்படி மிதித்து மிதித்து மூன்று கால்மிதி தேய்ந்து போயிற்று. இது நான்காவது.

தொழில் அப்படி. டிரைவிங் ஸ்கூலில் முப்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அந்த வண்டியில் படிக்கிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இரண்டாவதாக ஒன்று இருக்கும். படிக்கிறவர் பதறிப்போய் எதையோ அழுத்தும்போது, இவர் சத்தமில்லாமல் இரண்டாவதை அழுத்தி வண்டியை நிறுத்திவிடுவார். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பிரேக் மாஸ்டர் என்றால் தெரியும். என் தம்பி அவரைச் சீண்டுவதற்கென்றே, "மாமா, நீங்க மட்டும்தான் சும்மா உக்காந்து ஊர் சுத்திட்டு சம்பளம் வாங்கற ஆளு" என்பான். இவர் சிரித்துக்கொள்வார். இன்னொரு ஸ்கூலில் ஒரு மாஸ்டர், இருபது வருஷத்தில் இரண்டாவது பிரேக்கைத் தொட்டதே இல்லை என்று பீற்றிக்கொள்வாராம். அதைச் சொன்னால் மட்டும் இவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "அப்போ அவன் ரோட்டப் பாக்கறதே இல்லன்னு அர்த்தம்" என்பார்.

நானும் அவரிடம்தான் ஓட்டக் கற்றேன். லைசென்ஸ் வாங்கி ஏழு வருஷம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியும் பார்த்தேன். ஒருநாள் ஒரே தெருவில் பதினோரு மிதி. எண்ணிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவதுக்கு வண்டியை ஓரம் கட்டி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, இறங்கி விடுவிடுவென்று நடந்தே வீட்டுக்குப் போய்விட்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதற்குப் பிறகு அவர் உட்காரும் வண்டியை நான் தொட்டதில்லை. பத்தொன்பது வருஷ சபதம்.

அந்தச் சபதத்தை அவருடைய இதயம் உடைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதற்குத் தாளம் தப்ப ஆரம்பித்தது. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் படபடவென்று நடுங்குகின்றனவாம். கீழ் அறை பாவம், எந்தத் தாளத்துக்கு ஆடுவதென்று தெரியாமல் திண்டாடுகிறதாம். "நெஞ்சுக்குள்ள கோழி பூந்துட்ட மாதிரி இருக்கு" என்பார். மாத்திரைக்கு அந்தக் கோழி அடங்கவில்லை. அப்லேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். தொடை இடுக்கில் இருக்கிற ரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரைக்கும் கொண்டுபோய், வம்பு கிளம்புகிற இடத்தைச் சுற்றி வளையமாகச் சூடு போட்டுவிடுவது.

"சொன்ன பேச்சு கேக்காத பிள்ளைக்கு சூடு வைக்கற மாதிரியா டாக்டர்?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட அதேதாம்மா" என்றார் இதய டாக்டர்.

முதல் தடவை அரை மயக்கத்தில் செய்தார்கள். இவர்தான் அடம் பிடித்து அதைக் கேட்டு வாங்கினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வெளியே வந்ததும் இவரே சொன்னார். ஏழு மாதம் நன்றாகத்தான் இருந்தார். எட்டாவது மாதம் கோழி திரும்பி வந்தது.

வண்டி ஓட்டக்கூடாது, கற்றுக்கொடுக்கிற சீட்டிலும் உட்காரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்கூலில் அவரை ஆபீஸ் அறையில் உட்கார வைத்து, புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சாலைக் குறியீட்டுப் படங்களை விளக்கச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகத் தன் வண்டி வேறொருவரோடு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். மறுபடியும் அப்லேஷன் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். அதுவும் சரிவரவில்லையென்றால் அந்த சீட் இனி அவருக்கு இல்லை. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

டாக்டரைப் பார்க்கப் போன அன்றுதான் குட்டு வெளிப்பட்டது.

"போன தடவ போட்ட வளையத்துல எங்கயோ இடைவெளி விட்டிருக்கு. அத அடைச்சா சரியாகிடும்னு நெனைக்கறேன்" என்றவர், சிரித்துக்கொண்டே இவரைப் பார்த்தார். "ஆனா இந்த தடவ பிரேக் போட்றாதீங்க சார்."

"பிரேக்கா?" என்றேன் நான்.

இவர் திடீரென்று சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"உங்ககிட்ட சொல்லலையா?" டாக்டருக்கே சங்கடமாகிவிட்டது. "வேல முக்கால்வாசி முடிஞ்சிருந்துச்சும்மா. மிஷின் பக்கத்துல இருந்தவர்கிட்ட, சூட நிறுத்தறதுக்காக 'ஸ்டாப்'னு சொன்னேன். அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரர் அரை மயக்கத்துல இருந்தவரு, வலது கால வச்சு ஒரு மிதி மிதிச்சாரு பாருங்க! அதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வச்சிருந்த இதயத்தோட மேப் மொத்தமும் நகந்துடுச்சு. நிறைய மறுபடி செய்ய வேண்டியதாப் போச்சு."

"அதனாலதான் இடைவெளி விட்டுப் போச்சா?"

"அப்படி அடிச்சு சொல்ல முடியாது. ஆடாம அசையாம படுத்திருந்தவங்களுக்கும் ரெண்டாவது தடவ தேவைப்படறது உண்டு. ஆனா கால் அசையாம இருந்தா எனக்கு வேல சுலபம்."

பிறகு மூன்று வழிகளைச் சொன்னார். முதலாவது அரை மயக்கம். பேச்சு காதில் விழும், கேட்டால் பதில் சொல்லலாம், நடுநடுவே நெஞ்சில் சுரீரென்று வலிக்கும். இரண்டாவது ஆழ்ந்த மயக்கம். அதில் தூங்கிவிடலாம், மூச்சை மட்டும் நாமே விட வேண்டும். மூன்றாவது முழு மயக்கம். தொண்டையில் குழாய் வைத்து மூச்சை மிஷினிடம் ஒப்படைத்துவிடுவார்கள், ஒரு விரல்கூட அசையாது. பத்து நாள் கழித்து மயக்க மருந்து டாக்டர் பார்ப்பார், அதற்குள் யோசித்து வையுங்கள் என்று அனுப்பினார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இத்தன மாசமா என் காதுல பூ சுத்தியிருக்கீங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு வாய் கூசாம சொன்னீங்களே!"

"ஸ்டாப்னு சொன்னா நான் என்ன பண்றது?" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "முப்பது வருஷமா அந்த வார்த்தைக்கு என் காலுதான் பதில் சொல்லுது. என்னயக் கேட்டுட்டா மிதிக்குது?"

திட்ட வேண்டும் என்றுதான் நின்றேன். சிரிப்பு வந்து தொலைத்தது.

நான் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். கண் சோதிக்கிற நாற்காலி என் பொறுப்பு. நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணா, ரெண்டா? எதுல தெளிவாத் தெரியுது?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து அதே குரலில் கேட்டேன். "அரை மயக்கமா, முழு மயக்கமா? எது தெளிவாத் தெரியுது?"

"ரெண்டுமே மங்கலாத்தான் தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அரை மயக்கமே போதும். காலப் பழக்கிடறேன்" என்றார்.

பழக்கினாரே, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! தினமும் வேலைவிட்டு வந்ததும் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்வார். வலது தொடையில் ஒரு அட்டை, அட்டையின் மேல் தண்ணீர் ததும்பும் டம்ளர். அவர் எதிர்பார்க்காத நேரத்தில் நான் "ஸ்டாப்!" என்று கத்த வேண்டும். முதல் நாள் மூன்று தடவை படுக்கை நனைந்தது. இரண்டாவது நாள் நான் காய் நறுக்கிக்கொண்டே அடுப்படியிலிருந்து கத்தினேன், பாதி டம்ளர் தப்பித்தது. நான்காவது நாள் கத்திக் கத்தி என் தொண்டைதான் கட்டிக்கொண்டது, டம்ளர் அசையவில்லை. "பாத்தியா!" என்று படுத்த வாக்கிலேயே ஒரு சிரிப்பு. லைசென்ஸ் பரீட்சையில் தேறினவர் சிரிப்பு.

ஆறாவது நாள் டம்ளர் தொடையில் இருக்கும்போதே அவருடைய அக்கா போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, முழு மயக்கம் மட்டும் வேணவே வேணாம்டா" என்றார் நாத்தனார். "எங்க எதிர்வீட்டுக்காரர் அது குடுத்து எழுந்ததுலருந்து யாரப் பாத்தாலும் பேரு மறந்துடறார்."

"அவரு என் கல்யாணத்தப்பவே என்னை வேற யாரோன்னு நெனச்சு விசாரிச்சவராச்சே அண்ணி" என்றேன்.

"நீ சும்மா இரு. உனக்கு எல்லாம் விளையாட்டு" என்று அவர் ஆரம்பிக்கவும், வெளியே தெருவில் ஏதோ ஒரு வண்டி கிரீச்சென்று பிரேக் அடித்து நின்றது. அவ்வளவுதான். டம்ளர் எகிறிச் சுவரில் மோதி விழுந்தது. அட்டை என் காலடிக்கு வந்தது.

"என்னடா சத்தம்?" என்றார் நாத்தனார்.

"ஒண்ணுமில்லக்கா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நான் மிதிக்கவே இல்லையே" என்றார்.

"பின்ன தண்ணி தானா எழுந்து நடந்து போச்சா?"

"சத்தியமா. மிதிச்சதே எனக்குத் தெரியல."

அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. கேலி பேச வந்த வாயை மூடிக்கொண்டேன். நனைந்த விரிப்பை ஒரு பக்கம் நான் உருவ, இன்னொரு பக்கம் அவர் உருவினார். புது விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றார்.

"இன்னொண்ணா? சொல்லித் தொலைங்க."

"முதமுதல்ல நெஞ்சு படபடன்னு வந்துச்சே, அன்னிக்கு வண்டியில இருந்தேன். லைப்ரரியில வேல பாத்து ரிட்டயர் ஆன ஒரு அம்மா கத்துக்க வந்திருந்தாங்க, அவங்கதான் ஓட்டிட்டிருந்தாங்க. பெரிய ரோட்டுல, சிக்னலுக்குப் போற எறக்கம். திடீர்னு கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. மூணு செகண்ட் இருக்கும். கண்ணத் திறந்தா வண்டி நிக்குது. முன்னாடி ஜனங்க ரோட்ட க்ராஸ் பண்ணிட்டிருக்காங்க." விரிப்பின் முனையைக் கசக்கினார். "அந்த மூணு செகண்ட் நான் அங்க இல்ல. என் காலு பிரேக்கு மேல இருந்துச்சு, ஆனா நான் இல்ல. ஏதாவது ஆகியிருந்தா? தினம் அந்த எறக்கம் கண்ணுல வருது. மூணு செகண்டுக்கே எனக்கு இப்படி. இவங்க நாலு மணி நேரம் கேக்கறாங்க. நான் பாட்டுக்கு எல்லாத்தையும் விட்டுட்டு எப்படிப் படுத்துக்கறது?"

இரண்டு வருஷமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, என்னிடம் கோழிக் கதை சொல்லியிருக்கிறார். கோபம் வர வேண்டும், வரவில்லை. பாவமாக இருந்தது. இந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று அந்த நனைந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் முழுசாகத் தெரிந்தது.

"அந்த அம்மா வண்டிய எங்க நிறுத்தியிருந்தாங்க?" என்று கேட்டேன்.

"கோட்டுல."

"கோட்டத் தாண்டியா?"

"இல்ல. சரியா கோட்டுல. அலுங்காம நிறுத்தியிருந்தாங்க. எனக்கு ஆனதே அவங்களுக்குத் தெரியாது. 'சரியா நிறுத்திட்டேனா சார்?'னு கேட்டாங்க."

"அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

அவர் விரிப்பைக் கட்டிலின் மூலையில் செருகினார். நான் டம்ளரை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு அது கட்டில் பக்கம் வரவில்லை.

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. பெண் டாக்டர், நாற்பது வயது இருக்கும், சட்டைப் பையில் ஒரு பென்சில். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தை முன்னும் பின்னும் சாய்க்கச் சொன்னார். ஆடுகிற பல் உண்டா, ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"குறட்டை விடுவீங்களா சார்?"

"இல்ல மேடம்."

"டாக்டர், பக்கத்து வீட்டுக்காரங்கள சாட்சிக்குக் கூப்பிடட்டுமா?" என்றேன். "விடறது மட்டும் இல்ல, நடுவுல கொஞ்ச நேரம் மூச்சே நின்ன மாதிரி இருக்கும். அப்புறம் லாரி ஸ்டார்ட் ஆகற மாதிரி ஆரம்பிப்பாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. அப்படின்னா ஆழ்ந்த மயக்கம் உங்களுக்கு வேணாம் சார். தூக்கத்துல தொண்ட அடைச்சுக்கலாம். அரை மயக்கம், இல்ல முழு மயக்கம். என்னயக் கேட்டா முழு மயக்கம்தான் பாதுகாப்பு. மூச்சுக்குழாய் இருக்கும், காலும் அசையாது. எழுந்தப்புறம் ரெண்டு நாள் தொண்ட கரகரக்கும், கொஞ்சம் குமட்டலாம். ஆனா முடிவு உங்களது."

இவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நான் சில கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க."

"நான் தூங்கறப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

"உங்க தலைமாட்டுல. ஒரு ஸ்டூல் போட்டுட்டு."

"நடுவுல போன் வந்தா வெளிய போயிடுவீங்களா?"

"போக மாட்டேன். நான் எழுந்துக்கணும்னா இன்னொரு மயக்க மருந்து டாக்டர் வந்து உக்காந்தப்புறம்தான் எழுந்துப்பேன்."

"அங்க உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "உண்மையச் சொன்னா, பாத்துட்டே இருப்பேன். மூச்சு, ரத்த அழுத்தம், துடிப்பு, எல்லாத்தையும். வெளியிலருந்து பாக்கறவங்களுக்கு நான் சும்மா உக்காந்திருக்கற மாதிரிதான் தெரியும். என் மாமியாரே அப்படித்தான் நெனைக்கறாங்க."

நான் இவரைப் பார்த்தேன். இவர் டாக்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு மேடம். அப்படிப் பாத்துட்டிருக்கறப்போ, நீங்க அவசரமா ஏதாவது பண்ண வேண்டி வந்திருக்கா?"

வரவே வராது, கவலைப்படாதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன்.

"வந்திருக்கு" என்றார் டாக்டர். "நிறைய தடவ. திடீர்னு அழுத்தம் எறங்கும், உடனே மருந்து குடுப்பேன். மூச்சுல சின்னதா ஏதாவது வரும், சரி பண்ணுவேன். ஒண்ணுமே வந்ததில்லன்னு சொல்ற மயக்க மருந்து டாக்டர்கிட்ட நான் படுக்க மாட்டேன் சார்."

இவர் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு தோளும் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

"ரெண்டாவது பிரேக்கு" என்றார் மெதுவாக.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல மேடம். முழு மயக்கமே குடுத்துடுங்க."

காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "நல்ல மாஸ்டர் அந்தம்மா" என்றார். அவர் வாயால் இன்னொருவருக்கு மாஸ்டர் பட்டம் கிடைத்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த குறிப்புத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் டிக் அடித்தார். காலை ஆறு மணிக்கு மேல் சாப்பிடக்கூடாது, டிக். மோதிரத்தைக் கழற்றி வைக்கணும், அது வரவில்லை, சோப்புப் போட்டு இழுத்தேன், டிக். கூட ஒருவர் வரணும், வண்டி அவர்தான் ஓட்டணும். அந்த வரிக்கு முன்னால் பென்சிலோடு நின்றார். "உன் சபதம் என்னாச்சு?"

"ஏறுங்க வாய மூடிட்டு" என்றேன்.

போகிற வழியில் ஒன்பது மிதி. எண்ணினேன். ஒன்றுக்கும் நான் வாய் திறக்கவில்லை.

தள்ளு கட்டிலில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்தார். விரலில் மோதிரம் இல்லாத இடம் வெள்ளையாக இருந்தது. ஏதாவது சொல்வார் என்று குனிந்தேன். "டோக்கன் வாங்கினியா பார்க்கிங்ல?" என்றார். "வாங்கிட்டேன்" என்றேன். கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கிற இடத்தில் வரிசையாக நீல நாற்காலிகள், மூலையில் சத்தமில்லாமல் ஓடும் டிவி. பையில் கொண்டுபோன பத்திரிகையின் முதல் பக்கத்தை எத்தனை தடவை படித்தேனோ, ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. ஒரு மணி நேரம் போனது. இரண்டு ஆனது. ஒவ்வொரு தடவை அந்தக் கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். இப்போது தூங்கியிருப்பார், இப்போது குழாய் உள்ளே போயிருக்கும், இப்போது யாரோ "ஸ்டாப்" என்று சொல்லியிருப்பார்கள். மூன்றாவது மணி நேரம் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா என் முழங்காலைத் தொட்டார்.

"கால் வலிக்கலையாம்மா உங்களுக்கு? ரொம்ப நேரமா இப்படி அழுத்தி வச்சிருக்கீங்களே."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் முழு பலத்தோடு தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகிப் போயிருந்தது. எடுக்கப் பார்த்தேன், உடனே வரவில்லை. சபதம் போட்டு இறங்கி நடந்தேனே, பத்தொன்பது வருஷம். பக்கத்தில் உட்கார்ந்து அந்த மனுஷன் மிதித்த ஒவ்வொரு மிதியும் இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஓட்டுதல் மேல் நம்பிக்கை இல்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா தன் கைக்குட்டையைக் கொடுத்தார். காரணம் கேட்கவில்லை, நல்ல மனுஷி.

நாலரை மணி நேரம் கழித்து இதய டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "இடைவெளி ரெண்டு இருந்துச்சு. ரெண்டயும் அடைச்சாச்சு. மூணு மாசம் பாத்துட்டுத்தான் உறுதியா சொல்ல முடியும். ஆனா எனக்குத் திருப்தியா இருக்கு." இரண்டடி போனவர் திரும்பினார். "காலு அசையவே இல்லம்மா. நானே ரெண்டு தடவ ஸ்டாப்னு கத்தினேன்."

உள்ளே விட்டார்கள். மல்லாந்து படுத்திருந்தார். தொடை இடுக்கில் கட்டு, வலது காலை மடக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். கண் பாதி திறந்தது. உதட்டை நனைத்தேன். ஏதோ சொன்னார், தொண்டை கரகரவென்றது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"கோட்டுல நின்னுச்சா?"

எந்த இறக்கத்தில் இருந்தாரோ. நெற்றியில் கை வைத்துச் சொன்னேன், "நின்னுச்சுங்க. சரியா கோட்டுல."

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்கார வைத்து, பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி இரண்டு தெரு போயிருப்பேன். நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் கையில் பையோடு குறுக்கே வந்துவிட்டார். மிதித்தேன். வண்டி குலுங்காமல் நின்றது. அந்த ஆள் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. டொம் என்கிற சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கால்மிதியில் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் அவர் பாதம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். லாரி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை, சின்ன குறட்டைதான். இத்தனை வருஷத்தில் நான் ஓட்டும் வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று இன்னும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கியரைப் போட்டேன்.

வேகமே போகாமல் வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். எழுப்ப மனசு வரவில்லை. கையை ஸ்டீரிங்கிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார், "ஹேண்ட் பிரேக் போட்டியா?"

"போட்டுட்டேன்" என்றேன். "தூங்குங்க."